இறக்கி வைக்க ஒரு கல்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டின் பழைய வண்டிப் பாதைகளில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. நட்டு வைத்த இரண்டு கல், அவற்றின் மேல் படுக்கப் போட்ட ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளைச் சேர்ந்தவர்கள் வைத்தவை அவை. அவள் இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள். அந்த வழியே வருகிற யாரோ ஒருவர் தன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறினால் அவளுடைய சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.

குழந்தை இறந்தால் வழக்கம் வேறு. எரிப்பதில்லை, புதைக்கிறோம். பெண் குழந்தையாக இருந்தால் தென் மாவட்டங்களில் பல வீடுகளில் அவளைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டிக்குள் ஒரு சிற்றாடை, கொஞ்சம் வளையல். வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியைத் திறந்து புதுத்துணி வைத்துப் படைத்துவிட்டு மூடிவிடுவார்கள். பெட்டி வீட்டுக்குள் இருக்கும். சுமைதாங்கி ஊர்ப் பாதையில் நிற்கும். துக்கத்தை வைத்துக்கொள்ள நமக்கு இந்த இரண்டு வழியுமே தெரியும்.

இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது. மூளைப் புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அந்தப் பிள்ளையின் பெயரால் அதே நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது உலகின் பல நாடுகளில் ஒரு பெரிய இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அந்தப் பணம் எதைச் சாதித்தது, எங்கே தோற்றது? நம் நாட்டில் நினைவுப் பணம் எங்கே போகிறது? கரிசல் காட்டு ஊர்களிலிருந்து அப்படி ஒன்றைத் தொடங்கினால் அது எப்படி இருக்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளையும் வரிசையாகப் பார்க்கலாம்.

நோயின் முகம்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் மூளைக் கட்டிகளுக்கு. இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை முன்னேற முன்னேற, சாவின் கணக்கில் மூளைக் கட்டி முன்னுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுக்கான இறப்புக் கணக்கை எடுத்தபோது, குழந்தைப் புற்றுநோய்ச் சாவுகளில் இரத்தப் புற்றுநோயை மூளைப் புற்றுநோய் முந்தியிருந்தது தெரிய வந்தது.

எல்லா மூளைக் கட்டியும் ஒன்றல்ல. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, குழந்தைகளின் தீய மூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் ஒழுங்காகக் கிடைத்தால் பல பிள்ளைகள் பிழைக்கிறார்கள். மெதுவாக வளரும் கிளயோமா வகைகளுக்கு எதிர்காலம் இன்னும் நல்லது. மூளைத்தண்டில் பரவும் டி.ஐ.பி.ஜி. என்ற வகைதான் கொடியது. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் வருகிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிற இடத்தில் நல்ல திசுவோடு பின்னிக் கிடப்பதால் வெட்டி எடுக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதங்கள் தெளிவு வரும். பெரும்பாலான பிள்ளைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் மூளைத்தண்டுக் கட்டியால் 1962 ஜனவரியில் இறந்தாள். மூன்று வயதுகூட நிறையவில்லை. அவளுக்கு அன்று கொடுத்ததும் கதிர்வீச்சுதான். தகப்பன் நிலவுக்குப் போய்த் திரும்பி அரை நூற்றாண்டு கடந்த பின்னும், இந்த நோயோடு வருகிற பிள்ளைக்கு மருத்துவர்கள் முதலில் தருவது அதே கதிர்வீச்சைத்தான்.

நம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. நோய் தெரியவே நாளாகிறது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்ததும் பிள்ளை தெளிந்து விளையாடப் போய்விடுகிறான். வயிற்றுக் கோளாறு என்று பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். நடை தள்ளாடினால் சத்துக் குறைவு என்கிறார்கள். கண் ஒரு பக்கம் இழுத்தால் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போகிறார்கள். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதும் உண்டு. ஸ்கேன் எடுத்துத் தலையில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லும்போது கட்டி வளர்ந்திருக்கும். பிறகு மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம், வேலூர், சென்னை என்று அலைச்சல். கதிர்வீச்சை நம் மக்கள் கரண்ட் வைப்பது என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வரை கரண்ட் வைக்க வேண்டியிருந்தால், தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை பார்க்கும் தாய்க்கு அத்தனை நாள் சம்பளமும் போகும்.

இந்திய நகரப் பதிவேடுகள் பலவற்றில், வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டால் குழந்தை மூளைக் கட்டிகளின் பங்கு குறைவாகத் தெரிகிறது. நோய் குறைவு என்று இதற்கு மகிழ்ந்துவிட முடியாது. கண்டுபிடிக்கப்படாமலே இறந்துபோகும் பிள்ளைகள் கணக்கில் வராததும் ஒரு முக்கியக் காரணம் என்பது மருத்துவர்களின் கணிப்பு.

நினைவுப் பணம் உலகில் செய்தது

இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு இந்தியப் பெயர் இருக்கிறது. சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டே தோராப்ஜி அவர் பெயரில் லேடி டாடா நினைவு அறக்கட்டளையை நிறுவினார். அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு உலகெங்கும் நடக்கும் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று எழுதிவைத்தார். அந்த நோயைக் குணப்படுத்த அன்று ஒரு மருந்துகூடக் கிடையாது. அவர் மனைவிக்கு அந்தப் பணம் இனி உதவப் போவதில்லை. தன் காலத்தில் பலனைப் பார்க்க முடியாது என்று தெரிந்தே கொடுத்த பணம் அது. சில வாரங்களில் அவரும் இறந்துபோனார். பம்பாயில் 1941இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையும் அந்தத் துக்கத்திலிருந்து முளைத்ததுதான்.

அடுத்த பெரிய திருப்பத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் வருகிறார். உடன்பிறந்தவரை நோய்க்குப் பறிகொடுத்தவரான எல்லப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் போலிக் அமிலத்தையும் அதன் செயலைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அந்த மருந்துகளில் ஒன்றை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் இது வெளியானது. அதற்குச் சில நாள் முன்பு, மே 22 அன்று, ஜிம்மி என்ற புனைபெயர் சூட்டப்பட்ட நோயாளிச் சிறுவன் ஒருவனின் அறையிலிருந்து வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பானது. குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கு 20,000 டாலர் சேர்ந்தால் அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்று சொல்லிக் கேட்டார்கள். மக்கள் அனுப்பியது 2,31,000 டாலருக்கு மேல். ஃபார்பரின் ஆராய்ச்சி மையம் அதன் மேல் வளர்ந்தது. அந்தச் சிறுவன் பிழைத்து, அறுபது வயதைத் தாண்டி வாழ்ந்தான் என்பது இந்தக் கதையின் இனிப்பான பகுதி.

மூளைக் கட்டிக்கு இந்த ஓட்டம் தாமதமாகத்தான் வந்தது. இங்கிலாந்தில் 16 வயது சமந்தா டிக்சன் 1996இல் இறந்தாள். பெற்றோர் அவள் பெயரில் ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கினார்கள். பிற மூளைக் கட்டி அமைப்புகளோடு இணைந்து 2013இல் அது பிரெய்ன் டியூமர் சாரிட்டி என்ற பெரும் நிறுவனமானது. நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் குழந்தை மருத்துவர் கழகமும் சேர்ந்து 2011இல் தொடங்கிய ஹெட்ஸ்மார்ட் இயக்கத்துக்கு இந்த அறக்கட்டளை துணை நின்றது. எந்த வயதில் எந்த அறிகுறி இருந்தால் சந்தேகிக்க வேண்டும் என்று ஆராய்ந்து, ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுப் பள்ளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பது வரை ஆன காலத்தின் இடைநிலை அளவு 14.4 வாரத்திலிருந்து 6.7 வாரமாகக் குறைந்தது. புது மருந்து ஒன்றும் இல்லாமல், அளந்து பார்த்ததும் அட்டை அச்சிட்டதும் செய்த வேலை இது.

டி.ஐ.பி.ஜி.யில் பெற்றோர் கொடுத்தது பணத்தைவிடப் பெரியது. கட்டி இருக்கும் இடத்தில் ஊசி வைக்க அஞ்சியதால், ஆராய்ச்சிக்குத் திசுவே பல காலம் கிடைக்கவில்லை. இறந்த பிள்ளையின் கட்டியை ஆராய்ச்சிக்குத் தரப் பெற்றோர் முன்வந்தார்கள். அப்படிக் கிடைத்த திசுவிலிருந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோன்ஜேயின் குழு 2009இல் அந்த நோயின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தது. 2012இல் இந்தக் கட்டிகளுக்குள் எச்3கே27எம் என்ற மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டு மீண்டும் வளர்ந்த நடுக்கோட்டுக் கட்டிகளுக்கு டோர்டாவிப்ரோன் என்ற மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஆகஸ்டில் விரைவு அனுமதி அளித்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் அது வேலை செய்வதில்லை. ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடமே கட்டி சுருங்கியது. ஆனாலும் அறுபது ஆண்டு மூடியிருந்த கதவில் விழுந்த முதல் இடைவெளி அது.

ஒஹையோ மாநிலத்தில் எலினா டெசரிக் என்ற ஆறு வயதுக் குழந்தை 2007இல் இதே நோயில் இறந்தாள். வீட்டில் புத்தகங்களுக்கிடையிலும் பெட்டிகளிலும் அவள் ஒளித்து வைத்த சிறு கடிதங்கள் பிறகு ஒவ்வொன்றாகக் கிடைத்தன. பெற்றோர் அவள் நினைவில் தொடங்கிய அமைப்பு, இதே நோயில் பிள்ளையை இழந்த மற்றக் குடும்பங்களின் அறக்கட்டளைகளையும் ஒரே கூட்டமைப்பில் சேர்த்தது. பல நாட்டு நோயாளிகளின் விவரத்தையும் திசுவையும் சேர்க்கும் சர்வதேசப் பதிவேட்டுக்கு அந்தக் கூட்டமைப்பு பணம் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் தோல்வியையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிப் பெயரில் தனித்தனி அறக்கட்டளை தொடங்கினால், ஒவ்வொன்றும் சிறியதாகவே நின்று, கணக்கெழுதவும் விழா நடத்தவுமே பணம் கரைந்துவிடும். தொடங்கியவர்கள் சோர்ந்தால் பெயரும் மறைந்துவிடும். அரிய நோய்க்கு ஆயிரம் சிறு உண்டியல்களைவிட ஒரே குளத்தில் விழும் ஆயிரம் வாய்க்கால்கள் மேல்.

நம் நாட்டில் பணம் எங்கே போகிறது

தமிழ்நாட்டில் துக்கம் மருத்துவமனையானதற்கு முதல் உதாரணம் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பைச் சுமந்தே முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நாட்டின் முதல் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவு 1960இல் அங்கேதான் அமைந்தது.

ஆராய்ச்சி என்றால் என்ன என்பதற்கு அந்த நிலையத்தின் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 1980களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் டாக்டர் இயன் மக்ராத்துடன் சேர்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. இருந்த மருந்துகள்தான். எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை நாள் கொடுப்பது என்பதை ஒழுங்காக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன ஆனது என்று எழுதி வைத்துப் பார்த்தார்கள். பிழைக்கும் பிள்ளைகளின் விகிதம் கணிசமாக உயர்ந்தது. ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாயும் வெள்ளை அங்கியும் மனதில் வருகின்றன. பல நேரம் அது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, விடாத பின்தொடர்தல்.

மூளைக் கட்டியிலும் இந்திய ஆராய்ச்சி இருக்கிறது. மும்பை டாடாவில் டாக்டர் ராகேஷ் ஜலாலி குழு 2001 முதல் 2012 வரை 200 இளம் நோயாளிகளைச் சேர்த்து, கட்டியை மட்டும் குறிபார்க்கும் கதிர்வீச்சையும் வழக்கமான கதிர்வீச்சையும் ஒப்பிட்டது. குறிபார்த்துக் கொடுத்தால் பிள்ளையின் அறிவுத்திறனும் ஹார்மோன் சுரப்பும் கூடுதலாகக் காப்பாற்றப்படுகின்றன என்று 2017இல் முடிவு வெளியானது. மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு மரபணு வகைகளை எளிய சோதனையால் பிரிக்கும் முறையை நவி மும்பை ஆக்ட்ரெக்கில் டாக்டர் நீலம் ஷிர்சாத் குழு உருவாக்கியது. எந்த வகை என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சிகிச்சை என்று முடிவெடுக்கலாம். இந்த ஆய்வுகளில் நம் பிள்ளைகளின் உடம்பும் நம் மருத்துவமனைகளின் வசதியும் கணக்கில் இருக்கின்றன. வெளிநாட்டு ஆராய்ச்சியை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கேள்விகளை யாரும் நமக்காகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் மக்கள் தரும் பணம் இந்தப் பக்கம் வருவது மிகக் குறைவு. பிள்ளைக்கு நோய் என்றால் ஊர் திரள்கிறது. வாட்ஸ்அப்பில் படம் பறக்கிறது. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் அயலூரார் பணம் போடுகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கிறது. பிள்ளை போன பின் நினைவுநாளில் அன்னதானம், அநாதை இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, பள்ளிக்கு நோட்டுப் புத்தகம். எல்லாம் நல்லவை. ஒன்றுகூட அந்த நோயைத் தொடுவதில்லை.

பொறுமையுள்ள பணம்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இன்று படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்கு மருந்து வாங்கப் பணமில்லாதபோது, என்றோ வரப்போகும் மருந்துக்குப் பணம் சேர்ப்பது நியாயமா? வளர்ந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருக்கும் சிகிச்சை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடுமே என்று கேட்பவரின் குரலில் உண்மை இருக்கிறது. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளைப் பிழைக்கவைக்க வேண்டும் என்று 2018இல் அந்த நிறுவனம் வைத்த இலக்கும் இதைத்தான் சொல்கிறது.

என் பதில் இது. பணத்துக்கும் குணம் உண்டு. சிகிச்சைப் பணம் அவசரப் பணம். அதற்கு ஒரு முகம் இருக்கிறது, நாள் குறித்த கெடு இருக்கிறது. கேட்டால் மக்கள் கொடுக்கிறார்கள், கொடுக்கத் தவறினால் அரசைக் கேட்க உரிமையும் இருக்கிறது. ஆராய்ச்சிக்குத் தேவை பத்து வருஷம் காத்திருக்கக்கூடிய பணம். பலன் எப்போது என்று கேட்காத பணம். அதைக் கொடுக்கும் பொறுமை யாருக்கு இருக்கும்? தம் பிள்ளைக்கான அவசரம் முடிந்துபோனவர்களுக்குத்தான். அவர்களுக்கு இனி ஓட வேண்டிய ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் திரும்ப வருகிறது. வருஷா வருஷம் வரும் அந்த நாளைப் போல விடாமல் வருகிற பணம்தான் ஆராய்ச்சிக்கு வேண்டியது. தோராப்ஜி செய்ததும் சமந்தாவின் பெற்றோர் செய்ததும் இதுவே. சிகிச்சையும் ஆராய்ச்சியும் ஒரே உண்டியலுக்குச் சண்டை போட வேண்டியதில்லை. முன்னது உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஊரும் அரசும் தர வேண்டிய கடன். பின்னது போன பிள்ளையின் பெயரால் வரப்போகும் பிள்ளைக்குத் தரும் கொடை.

கரிசலுக்கு இது புதிதா?

பொறுமையான பணத்தை இந்த மண் அறியும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. மழையை நம்பிய கரிசல் காட்டுக்கு ஏற்ற கருங்கண்ணிப் பருத்தியையும் சோளத்தையும் தலைமுறை தலைமுறையாக அங்கே தேர்ந்தெடுத்து, கே என்ற எழுத்தோடு எண் சேர்த்து வெளியிட்டார்கள். ஒரு ரகம் வெளிவரப் பத்துப் பன்னிரண்டு மானாவாரிப் பருவங்கள் போகலாம். மழை பொய்த்த வருஷமும் அதில் அடங்கும். ஆராய்ச்சி என்றால் காத்திருப்பது என்று இங்கே எந்தச் சம்சாரிக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஊர் கூடிப் பணம் சேர்ப்பதும் புதிதல்ல. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலையை வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசி தாங்கியது. காமராஜர் படித்த பள்ளி அது. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தாங்களே போட்டுக்கொண்ட மகமையால் பள்ளிகளும் கிணறுகளும் வந்தன. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபத்தை எழுப்பக் கல்கி விடுத்த வேண்டுகோளுக்குச் சாதாரண வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1947 அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவாக நடக்கும் அகில இந்திய ஹாக்கிப் போட்டியைப் பார்க்க ஊரே திரளும். ஒரு பெயரின் நினைவில் ஆயிரம் பேரைக் கூட்டும் வழி நமக்குக் கைவந்தது.

துக்கம் மருத்துவமான கதையும் இந்த மண்ணில் உண்டு. எட்டயபுரம் பகுதியின் அயன்வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி. சிறுவயதில் தன் உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்ததைப் பார்த்து மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பின் கண் மருத்துவத்துக்கு மாறி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது சிகிச்சையோடு நிற்கவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்சை மலிவாகச் செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கியது. அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. குழந்தைகளின் கண் புற்றுநோய்க்கு மருத்துவமும் அதன் மரபணு ஆய்வும் இன்று அங்கே நடக்கின்றன. சுமைதாங்கி நடவேண்டிய மூன்று சாவுகளுக்கு அவர் நட்ட கல் என்றே அரவிந்தை நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நித்தியகல்யாணியை நம் ஊர்ப்பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். வறட்சியில் வாடாமல் புதைமேடுகளில் தானே பூத்துக் கிடக்கும். தென் மாவட்ட மானாவாரிக் காடுகளில் மருந்துச் செடியாகப் பயிரிட்டு வேரும் இலையும் விற்கிறார்கள். அதிலிருந்து பிரித்தெடுக்கும் வின்கிரிஸ்டின் 1963 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கும் கிளயோமாவுக்கும் தரும் மருந்துகளில் அது ஒன்று. நம் குழந்தைகளின் புதைமேட்டில் பூப்பதற்குள் இன்னொரு குழந்தைக்கான மருந்து இருந்தது. அது தெரியவர யாரோ பொறுமையாகத் தேட வேண்டியிருந்தது.

இங்கிருந்து கேட்க வேண்டிய கேள்விகள்

கோவில்பட்டியில் ஆய்வகம் கட்ட வேண்டாம். இங்கிருந்தே கேட்கக்கூடிய, இங்கிருந்து மட்டுமே கேட்கக்கூடிய ஆராய்ச்சிக் கேள்விகள் உண்டு.

முதலாவது, தாமதம். முதல் வாந்தியிலிருந்து ஸ்கேன் வரை ஒரு கரிசல் காட்டுப் பிள்ளைக்கு எத்தனை நாள் ஆகிறது? எந்த வாசலில் அதிக நாள் போகிறது? தமிழ்நாடு முழுவதையும் உள்ளடக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு நிலையம் 2012 முதல் நடத்துகிறது. அதோடு இணைந்து ஒரு கள ஆய்வாளர் குடும்பங்களைச் சந்தித்தால் விடை கிடைக்கும். ஹெட்ஸ்மார்ட் அட்டையின் கரிசல் வடிவம் அந்த விடையிலிருந்து பிறக்க வேண்டும். மொழிபெயர்ப்பாக இருந்தால் பூச்சி மருந்தும் மந்திரித்த கயிறும் அதில் இருக்காது.

இரண்டாவது, பாதியில் நின்ற சிகிச்சை. எந்த வாரத்தில், எதனால் குடும்பங்கள் திரும்பிவிடுகின்றன? கூலி போனதாலா, தங்க இடமில்லாததாலா, பிழைக்காது என்று யாரோ சொன்னதாலா? மூன்றாவது, பிழைத்த பிள்ளைகள். கரண்ட் வைத்த தலை படிப்பில் எப்படி இருக்கிறது, உயரம் வளர்கிறதா, பள்ளிக்கூடம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதா? நான்காவது, திசு. சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. அறுவையில் எடுத்த கட்டியின் ஒரு துண்டைப் பெற்றோர் சம்மதத்தோடு சேமிக்கவும், அதன் மரபணு வகையைச் சோதிக்கவும் ஆகும் செலவை நினைவு நிதி ஏற்கலாம். சம்மதம் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்த பின், தமிழ்நாட்டில் உறுப்புக் கொடையே வேறு நிலைக்கு வந்தது. காரணம் சொல்லிக் கேட்டால் கொடுக்கிற மக்கள் நாம்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 5,000 வீடுகள் மாதம் 10 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 6 லட்சம். மருந்து கண்டுபிடிக்க அது போதாது. ஒரு கள ஆய்வாளரின் சம்பளத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் போதும். முதல் கேள்விக்கு விடை காண வேறு என்ன வேண்டும்?

சில விதிகளைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தனிக் கட்டடம் வேண்டாம். பணம் ஏற்கெனவே நம்பிக்கை பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, எதற்கென்று எழுத்தில் குறித்துப் போகட்டும். எத்தனை பிள்ளைகளின் பெயர் சேர்ந்தாலும் நிதி ஒன்றாக இருக்கட்டும். எந்த ஆய்வுக்கு என்று மருத்துவர்கள் அடங்கிய குழு முடிவு செய்யட்டும். கொடை முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடித்து ஊருக்குக் கொடுக்கிறோமே, அதேபோல் ஆண்டுக் கணக்கும் ஆய்வின் முடிவும், முடிவு ஏமாற்றமாக இருந்தாலும், தமிழில் அச்சாகி ஒவ்வொரு வீட்டுக்கும் வரட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மவர் அனுப்பும் பணத்துக்கு அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். 2020 திருத்தத்துக்குப் பின் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. எனவே அவர்கள் அனுமதி பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கே நேராக அனுப்புவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல், துக்க வீட்டில் போய்க் கேட்கக் கூடாது. பிள்ளையின் மொட்டைத் தலைப் படத்தைத் தட்டியில் அடிக்கக் கூடாது. தாயும் தகப்பனும் தாமாக எழுந்து வருகிற நாள் வரை காத்திருக்க வேண்டும். வராமலே இருந்தாலும் அவர்கள் துக்கம் குறைந்ததல்ல. ஓலைப்பெட்டியைத் திறந்து மூடிவிட்டு இருந்துவிடவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சுமைதாங்கிக் கல்லை ஏன் தோள் உயரத்துக்கு நட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துணைக்கு ஆளிருந்தால் சுமையைத் தரையில் இறக்கலாம். திரும்பத் தூக்கிவிட அவர் இருக்கிறார். தனியாக வருகிறவளால் தரையில் இறக்க முடியாது. இறக்கினால் மறுபடி தலையில் ஏற்ற யாரும் இல்லை. தனியாக வருகிற அந்த ஒருத்திக்காக அளந்து நட்ட உயரம் அது. ஏதோ ஒரு மருத்துவமனை வாசலில், கையில் ஸ்கேன் உறையோடு, தனியாக நிற்கப்போகிற தாய் ஒருத்தி இருக்கிறாள். அவள் யார் என்று நமக்குத் தெரியாது. கல் யார் பெயரில் நின்றது என்று அவளுக்கும் தெரிய வேண்டியதில்லை.